பீடங்களும் பெயர்ச்சீட்டுகளும்

பால்டிமோர் நகரத்துக் கலைக்கூடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொகுத்தல் என்னும் செயலுக்குள் விடுத்தல் என்னும் செயலும் அடங்கியிருப்பதைத் தொகைநூல் பயின்றோர் நன்கு அறிவர். எட்டுத்தொகையைத் தொகுத்தளித்த சான்றோர் எத்தனை பாடல்களை ஏற்றனர், எத்தனையை ஒதுக்கினர் என்பது இன்று அறியக்கூடியதன்று. ஆயினும் அவர்கள் ஆற்றிய அரும்பணி ஒன்று கண்முன் நிற்கிறது. பாடல் கிடைத்துப் பாடியவர் பெயர் கிடைக்காத இடங்களில், அப்பாடலில் அமைந்த சிறப்பான தொடரையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் முதலியோர் இவ்வாறு பெயர் பெற்றவர்களே. பெயர் தெரியவில்லை என்பதற்காக ஒருவரைப் புறத்தே நிறுத்துதல் தகாது என்னும் எண்ணம் அத்தொகுப்பாளர் உள்ளத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

ஓவியங்களையும் சிற்பங்களையும் தொகுத்து வைக்கும் கலைக்கூடங்களின் வரலாற்றில் இத்தகைய பெருந்தன்மை எளிதில் காணக்கிடைப்பதில்லை. யாருடைய ஓவியம் சுவரில் ஏறுகிறது, யாருடையது வைப்பறையில் கிடக்கிறது, ஓவியத்தின் கீழே ஒட்டப்படும் சீட்டை எழுதுபவர் யார் என்னும் வினாக்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகின்றன. இவை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நியூயார்க் நகரத்தையே எடுத்துக்காட்டுவர். ஆனால் இவ்வினாக்கள் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றிய வரலாற்றை ஓர் ஊரிலேயே வைத்துக் காண விரும்புவோர்க்குப் பால்டிமோரே தக்க களமாகும்.

பால்டிமோர் மேரிலாந்து மாநிலத்தின் பெருநகரம், பழைய துறைமுகம், தலைநகர் வாஷிங்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேரிலாந்தில் அடிமை முறை 1864 வரை சட்டத்தின் துணையோடு நிலவியது. அடிமையாய்ப் பிறந்து, பின்னாளில் அவ்வினத்தின் பெருங்குரலாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் இளமையில் உழைத்ததும், 1838ஆம் ஆண்டில் தப்பியோடியதும் இந்நகரத்திலிருந்துதான். கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எதில் கூடாது என வரையறுத்து 1910ஆம் ஆண்டில் நகராட்சியே சட்டம் இயற்றியது. அந்நாட்டில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 1917இல் உச்சநீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. சட்டம் போயிற்று, தெருக்கள் அப்படியே இருந்தன. இன்று அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர்.

இந்நகரத்தில் இரண்டு நிறுவனங்கள் இங்கு ஆராயத்தக்கன. ஒன்று 1844இல் நிறுவப்பெற்ற மேரிலாந்து வரலாற்றுக் கழகம். மற்றொன்று 1914இல் தோன்றிய பால்டிமோர் கலைக்கூடம்.

பெயர் மறைந்த ஓவியர்

இவ்விரண்டும் தோன்றுவதற்கு முன்பே அந்நகரத்தில் ஜோஷுவா ஜான்சன் என்னும் ஓவியர் வாழ்ந்தார். 1790 முதல் 1825 வரையிலான காலத்தில் கப்பல் தலைவர்கள், வணிகர்கள், அவர்தம் மனைவியர், மக்கள் ஆகியோரை உருவப்படமாக வரைந்து வாழ்க்கை நடத்தியவர் இவர். 1798 டிசம்பரில் நகரச் செய்தித்தாள் ஒன்றில் தம் தொழில் பற்றி விளம்பரம் செய்து, தாம் ஆசானின்றித் தாமே பயின்றவர் என்று அதில் குறித்துள்ளார். 1816ஆம் ஆண்டின் நகர விவரத் தொகுப்பில், விடுதலை பெற்ற நிறத்தவர் குடும்பங்கள் என்னும் பிரிவில் இவர் பெயர் காணப்படுகிறது. இவர் வரைந்தனவாக இன்று 80க்கு மேற்பட்ட படங்கள் கருதப்படுகின்றன. அவற்றுள் கையொப்பம் உள்ளது ஒன்றே ஒன்று.

அப்படங்கள் செல்வர் இல்லங்களின் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கின. படத்தில் இருந்தவர்களின் பெயர்கள் குடும்பத்தாரால் போற்றிக் காக்கப்பட்டன. வரைந்தவர் பெயர் மறக்கப்பட்டது. 1930களின் இறுதியில் பால்டிமோர் மருத்துவரும் குடிவழி ஆய்வாளருமான ஜே. ஹால் பிளெசன்ட்ஸ் என்பவர் அப்படங்களை ஒப்பிட்டு நோக்கி, அவை ஒருவர் கைவண்ணமே என்றும், அவர் கறுப்பினத்தவராகலாம் என்றும் எழுதினார். ஐயம் முழுதும் நீங்க மேலும் அரை நூற்றாண்டுக் காலம் ஆயிற்று. 1990களில் வரலாற்றுக் கழகத்தின் பழைய நீதிமன்றப் பதிவேடுகளுள் இரண்டு ஆவணங்கள் வெளிப்பட்டன. ஒன்று 1764ஆம் ஆண்டின் விற்பனைச் சீட்டு. ஜார்ஜ் ஜான்சன் என்னும் வெள்ளையர் ஓர் ஆண் குழந்தையை 25 பவுன் கொடுத்து வாங்கியதை அது தெரிவிக்கிறது. மற்றொன்று 1782ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரம். அதில் அவர் ஜோஷுவாவைத் தம் மகன் என ஒப்புக்கொண்டு, கருமானிடம் தொழில் பழகி முடித்ததும் அல்லது 21 வயது நிரம்பியதும் விடுதலை அளிப்பதாக உறுதி கூறுகிறார். பெற்ற மகனைத் தந்தையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம் அது. தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்வாவணங்கள் வேறெங்கும் இருந்து வந்தவை அல்ல என்பது கருதத்தக்கது. அவை கழகத்தின் தொகுப்பிலேயே இருந்தன. தொகுப்பில் இருத்தல் வேறு, காணப்படுதல் வேறு.

1939: பதினேழு நாள் காட்சி

பிளெசன்ட்ஸின் ஆய்வு வெளிப்பட்ட அதே காலத்தில் கலைக்கூடத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1939 பிப்ரவரி 3 முதல் 19 வரை ‘தற்கால நீக்ரோ கலை’ என்னும் காட்சி அங்கு நடைபெற்றது. அக்கால வழக்கின்படி அமைந்த தலைப்பு அது. கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை மட்டுமே கொண்டு ஒரு பெரிய அமெரிக்கக் கலைக்கூடம் நடத்திய முதற் காட்சிகளுள் அது ஒன்று. நியூயார்க்கின் ஹார்மன் அறக்கட்டளை துணை நின்றது. ஹார்லெம் மறுமலர்ச்சியின் அறிவுத் தலைவர் எனப் போற்றப்பெறும் ஆலன் லாக் காட்சிக் கையேட்டிற்கு முன்னுரை வழங்கினார்.

அக்காட்சியில் 21 வயது இளைஞர் ஒருவரின் படைப்புக்குத் தனியறை ஒதுக்கப்பட்டது. அவர் ஜேக்கப் லாரன்ஸ். ஹெய்ட்டி நாட்டு அடிமைகளின் விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய தூசன் லுவர்த்தூரின் வாழ்வை 41 சிறு ஓவியங்களாக அவர் வரைந்திருந்தார். ஒவ்வோர் ஓவியத்திற்கும் ஓரிரு வரிகளில் உரை உண்டு. ஓவியத்தையும் உரையையும் ஒருசேரப் பயிலும்போதே கதை நிறைவுறும். ஆதலின் இவரைத் தூரிகை ஏந்திய காப்பியப் புலவர் எனக் கூறினும் பொருந்தும். இரண்டாண்டுகளுக்குப் பின் இவர் வரைந்த புலப்பெயர்வு வரிசையில் 60 ஓவியங்கள் உள்ளன. தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்களின் கதை அது. அவற்றுள் இரட்டைப்படை எண்ணுடைய 30ஐ நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், ஒற்றைப்படை எண்ணுடைய 30ஐ வாஷிங்டனின் பிலிப்ஸ் கலைக்கூடமும் வாங்கிக்கொண்டன. ஒரு காப்பியத்தின் பாடல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருவர் பங்கிட்டுக்கொண்டதை ஒத்தது இது. இருவர் போட்டியிட்டு வாங்கும் அளவுக்கு ஒரு கறுப்பின இளைஞர் மதிக்கப்பட்டார் என மகிழ்வதா, கதை இரண்டாகப் பிளந்ததே என வருந்துவதா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம்.

பால்டிமோர்க் காட்சிக்குத் திரும்புவோம். பதினேழு நாள்களில் அது முடிந்தது. அரியதொரு தொடக்கம்தான். ஆயினும் விருந்தினராக அழைத்து உபசரிப்பதற்கும் வீட்டில் பங்கு தருவதற்கும் உள்ள வேறுபாட்டை அக்காட்சி நன்கு உணர்த்துகிறது. அதே நகரத்தில், 1826இல் நிறுவப்பெற்ற மேரிலாந்து கலைக் கல்லூரி 1895 முதல் 1954 வரை கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்து வந்தது. கலைக்கூடத்தின் சுவரில் லாரன்ஸின் ஓவியம் தொங்கிய அந்தப் பிப்ரவரி மாதத்தில், லாரன்ஸே அக்கல்லூரி வாயிலுக்குச் சென்றிருந்தாலும் மாணவராகச் சேர்ந்திருக்க இயலாது.

மகளிர் வளர்த்த கூடம்

கலைக்கூடத்தின் வரலாற்றில் மற்றொரு முரண்பாடும் உண்டு. அதன் பெருஞ்செல்வமாகக் கருதப்படுவது கோன் சகோதரியர் தொகுப்பு. டாக்டர் கிளாரிபெல் கோன், எட்டா கோன் என்னும் இவ்விருவரும் பால்டிமோரில் வாழ்ந்த யூத மகளிர். பாரிஸ் நகருக்குப் பலமுறை சென்று மத்தீஸ், பிக்காசோ ஆகியோர் பெரும்புகழ் பெறுமுன்பே அவர்தம் ஓவியங்களை வாங்கத் தொடங்கினர். 1949இல் எட்டா மறைந்தபோது ஏறத்தாழ 3,000 கலைப்பொருள்கள் கலைக்கூடத்திற்குச் சேர்ந்தன. 1947இல் அதன் இயக்குநர் பொறுப்பை ஏற்ற அடெலின் பிரீஸ்கின், அந்நாட்டின் பெருங்கலைக்கூடம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதற் பெண்மணிகளுள் ஒருவராவார். 1962 வரை அவர் அப்பணியில் இருந்தார்.

வாங்கியவர் மகளிர், வழங்கியவர் மகளிர், ஆண்டவர் மகளிர். வரைந்தவர் மட்டும் மகளிராக இல்லை. நூறாண்டு நிறைந்த பின்னர்க் கணக்கெடுத்தபோது, அங்கிருந்த 95,000 கலைப்பொருள்களுள் பெண்கள் படைத்தவை நூற்றுக்கு நான்கு என்னும் அளவிலேயே இருந்தமை தெரியவந்தது. தலைமையில் ஒருவர் அமர்ந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என நம்புவோர் இக்கணக்கை ஒருமுறை நோக்குதல் நலம்.

நியூயார்க்கில் எழுந்த குரல்

1960களின் இறுதியில் நியூயார்க் நகரத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவேனும் கூறாமல் மேற்செல்ல இயலாது. 1968 செப்டம்பரில் ஹார்லெம் பகுதியில் ஒரு வாடகை மாடியில் ஸ்டுடியோ அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், 1930களின் அமெரிக்கக் கலை பற்றி விட்னி அருங்காட்சியகம் நடத்திய காட்சியில் கறுப்பினக் கலைஞர் எவரும் இடம்பெறாமையைக் கண்டித்து மறியல் நடந்தது. 1969 ஜனவரியில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றியே ஒரு பெருங்காட்சி நடத்தியது. அங்கு வாழ்ந்த மக்களின் நிழற்படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறைந்திருந்தன. அங்கு வாழ்ந்த ஓவியர், சிற்பியர் படைப்பு ஒன்றுகூட இல்லை. பார்க்கப்படும் பொருளாக ஓர் இனத்தை ஏற்று, பார்த்துப் படைக்கும் கண்ணாக ஏற்க மறுத்த நிகழ்ச்சி அது. பென்னி ஆண்ட்ரூஸ் முதலான கலைஞர்கள் வாயிலில் நின்று முழங்கினர்.

மகளிரும் வாளாவிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டு விட்னியின் ஆண்டுக் காட்சியில் 143 கலைஞருள் பெண்கள் எண்மரே. மறு ஆண்டில் ஃபெயித் ரிங்கோல்டு, லூசி லிப்பார்டு முதலியோர் சரிபாதி இடம் கேட்டுப் போராடினர்; அருங்காட்சியக அறைகளில் முட்டைகளை ஆங்காங்கே வைத்துவிட்டுச் சென்றனர். 1971 ஜனவரியில், பெருங்கலைஞருள் பெண்கள் ஏன் இல்லை என்னும் வினாவை எழுப்பி லிண்டா நாக்லின் எழுதிய கட்டுரை, குறை பெண்களின் ஆற்றலில் இல்லை, அவர்களுக்குப் பயிற்சியை மறுத்த நிறுவனங்களில் உள்ளது என நிறுவியது. 1972இல் விட்னியில் தனிக்காட்சி பெற்ற முதற் கறுப்பினப் பெண் ஆல்மா தாமஸ். அப்போது அவருக்கு வயது 80. அதற்குமுன் 35 ஆண்டுகள் வாஷிங்டன் நகரப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர்.

இவையெல்லாம் வாயிலுக்கு வெளியே நின்று கேட்ட குரல்கள். வாயிலுக்குள்ளே சென்று, வைப்பறையின் திறவுகோலைக் கையில் வாங்கிக் கேட்ட குரல் பால்டிமோரில் எழுந்தது.

வைப்பறை பேசியது

ஃபிரெட் வில்சன் 1954இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினக் கலைஞர். மாணவப் பருவத்தில் அருங்காட்சியகக் காவற் பணியாளராக வேலை பார்த்தவர். சீருடை அணிந்து நின்றால் பார்வையாளர் கண்ணுக்கு அம்மனிதன் தென்படுவதே இல்லை என்பதை அங்கே அவர் கற்றார். 1991இல் அவர் உருவாக்கிய படைப்பொன்றில், நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களின் காவலர் சீருடை அணிந்த நான்கு கறுப்புப் பொம்மைகள் நிற்கின்றன. அவற்றுக்குத் தலை இல்லை.

அப்போது பால்டிமோரில், தனக்கெனக் கட்டடம் இல்லாத ‘தி கன்டெம்பரரி’ என்னும் கலை அமைப்பு இயங்கி வந்தது. அவ்வமைப்பு வில்சனை அழைத்து, நகரத்தின் எந்த நிறுவனத்தில் பணிசெய்ய விருப்பம் என வினவியது. அவர் தேர்ந்தது மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தை. கழகத்தாரும் தம் வைப்பறைகளை அவருக்குத் திறந்துவிட்டனர். இத்துணிவுக்காக அவர்களைப் பாராட்டுதல் வேண்டும். 1992 ஏப்ரலில் ‘அருங்காட்சியகத்தை அகழ்தல்’ எனப் பொருள்படும் பெயரில் காட்சி திறக்கப்பட்டது.

வில்சன் அங்கு எதையும் வரையவில்லை, செதுக்கவும் இல்லை. கழகத்திடம் இருந்த பொருள்களையே எடுத்து இடம் மாற்றி வைத்தார். நுழைவாயிலில், விளம்பரத் தொழிலில் வாய்மை பேணியவர்க்கு ஒருகாலத்தில் வழங்கப்பட்ட கோள வடிவக் கோப்பை. அதன் மீது வாய்மை என்னும் சொல் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் இரு பக்கங்களிலும் மும்மூன்று பீடங்கள். ஒரு பக்கத்து வெண்பீடங்களில் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவருள் ஒருவரும் மேரிலாந்துக்காரர் அல்லர். மறுபக்கத்தில் மூன்று கரும்பீடங்கள். அவற்றின் மேல் ஒன்றும் இல்லை. பெயர்கள் மட்டும் இருந்தன. ஹாரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனெக்கர். மூவரும் மேரிலாந்து மண்ணில் பிறந்தவர்கள். கழகத்திடம் இவர்களின் சிலை இல்லை. இல்லாமையையே காட்சிப்பொருளாக்கியது இவ்வமைப்பு. நடுகல் எழுப்பிப் பெயரும் பீடும் எழுதும் மரபில் வந்தோர்க்கு, கல் இன்றிப் பெயர் மட்டும் நிற்கும் அப்பீடங்களின் வன்மை எளிதில் புலப்படும்.

உள்ளே, ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’ என்னும் சீட்டின் கீழ் ஒரு கண்ணாடிப் பேழை. நுண்ணிய வேலைப்பாடமைந்த வெள்ளிக் கூசாக்கள், கிண்ணங்கள். அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டப்பட்ட இரும்பு விலங்கு. இரண்டும் ஒரே காலத்தவை, இரண்டும் உலோகமே, இரண்டும் கழகத்தின் உடைமையே. சீட்டில் பொய் ஒன்றும் இல்லை. வெள்ளி கூடத்திலும் இரும்பு வைப்பறையிலும் இருந்தவரை, முன்னதன் பளபளப்புக்குப் பின்னதே விலையாயிற்று என்பது எவர் கண்ணிலும் படவில்லை. இன்னொரு பகுதியில் மரவேலைப்பாடு. அழகிய நாற்காலிகள் அரங்கில் வந்தமர்ந்தவர்போல் வரிசையாக நிற்க, அவை நோக்கிய திசையில் நகரச் சிறைச்சாலையின் கசையடிக் கம்பம் நின்றது. புகையிலைக் கடை வாயிலில் விளம்பரத்திற்காக நிறுத்தப்படும் செவ்விந்தியர் மரச்சிற்பங்கள், வருவோர்க்கு முதுகு காட்டித் திரும்பி, உண்மையான பூர்வகுடி மக்களின் நிழற்படங்களை நோக்கி நின்றன. பழைய குழந்தை வண்டி ஒன்றில், குழந்தையின் இடத்தில், இனவெறிக் கூட்டமாகிய கூ கிளக்ஸ் கிளானின் முகமூடித் துணி கிடந்தது.

கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க பகுதி ஓவியங்கள் பற்றியது. செல்வக் குடும்பத்துக் குழந்தைகளின் படங்களில் ஓரத்தே இருளில் நிற்கும் கறுப்பினச் சிறுவர் மீது மட்டும் ஒளி விழுமாறு வில்சன் விளக்கமைத்தார். பார்வையாளர் அருகில் வந்ததும் அச்சிறுவரின் குரலாக ஒலிப்பதிவு பேசும். தன் தலையை வாரிவிடுபவர் யார், அஞ்சும்போது அணைப்பவர் யார் என அக்குரல் கேட்கும். வேறோர் ஓவியம் ‘நாட்டுப்புற வாழ்க்கை’ என்னும் தலைப்புடையது. வெள்ளையர் குடும்பம் இளைப்பாறியிருக்க, கறுப்பினப் பணியாள் ஒருவர் கனி பரிமாறும் காட்சி. வில்சன் அப்பணியாளுக்கு ஒரு பெயர் சூட்டி, ‘பிரெடரிக் கனி பரிமாறுதல்’ எனத் தலைப்பை மாற்றினார். ஓவியத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் எழுவாய் மாறிவிட்டது. ஓரத்தில் நின்றவர் தலைப்பில் ஏறினார், இளைப்பாறியிருந்தோர் பின்புலமாயினர். ஒரு சொல்லை இடம் மாற்றி ஒரு பாடலின் பொருளையே திருப்பிவிடும் புலமைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

அவ்வாண்டு அமெரிக்க அருங்காட்சியகச் சங்கத்தின் மாநாடு பால்டிமோரிலேயே கூடியது. ஆகவே நாடெங்கிலுமிருந்து வந்த காப்பாட்சியர்கள் இக்காட்சியைக் கண்டு சென்றனர். அவரவர் ஊரின் வைப்பறை அவரவர் நினைவுக்கு வந்திருக்கும். காட்சி 1993 பிப்ரவரி வரை நீடித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டின் வெனிஸ் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் பங்கேற்க வில்சனே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விற்றும் வாங்கியும்

வில்சனின் காட்சி பலரையும் உலுக்கியது. எனினும் நாட்டின் நிலை விரைந்து மாறிவிடவில்லை. 2015இல் மெல்லன் அறக்கட்டளை வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் கலைக்கூடங்களில் காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், கல்விப் பணியாளர், தலைமையினர் ஆகிய பொறுப்புகளில் 84 விழுக்காட்டினர் வெள்ளையர். 4 விழுக்காட்டினரே கறுப்பினத்தவர். 18 பெருங்கலைக்கூடங்களின் தொகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றில் இடம்பெற்ற கலைஞருள் 85.4 விழுக்காட்டினர் வெள்ளையர் என்றும், 87.4 விழுக்காட்டினர் ஆடவர் என்றும் மதிப்பிட்டது.

இந்நிலையில் பால்டிமோர் கலைக்கூடம் நாடே திரும்பிப் பார்த்த முயற்சியொன்றில் இறங்கியது. இயக்குநர் கிறிஸ்டோபர் பெட்போர்டு காலத்தில், 2018இல், தன்னிடமிருந்த ஏழு படைப்புகளை விற்க முடிவு செய்தது. அவை வார்ஹோல், ராஷன்பர்க், கிளைன், நோலண்டு, ஒலிட்ஸ்கி ஆகியோருடையவை. யாவரும் வெள்ளை ஆடவர். அப்பணத்தில் பெண்கள், கறுப்பினத்தவர் முதலானோரின் படைப்புகள் வாங்கப்பட்டன. ஜாக் விட்டன், வாங்கெச்சி முட்டு, ஏமி ஷெரால்டு ஆகியோர் அவ்வாறு இடம்பெற்றோருட் சிலர். அதே ஆண்டில் 1939ஆம் ஆண்டுக் காட்சியை நினைவுகூர்ந்து தனிக்காட்சி ஒன்றும் நடத்தப்பட்டது. பதினேழு நாள் விருந்தை எண்பதாண்டு கழித்து வீட்டார் நினைத்துக்கொண்டனர்.

அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டாகிய 2020இல் பெண்கள் படைத்தவற்றையன்றி வேறெதையும் விலைகொடுத்து வாங்குவதில்லை எனக் கலைக்கூடம் அறிவித்தது. ஓராண்டில் நான்கு விழுக்காடு நாற்பதாகிவிடாது. இது வெறும் விளம்பரம் என்றோரும் உண்டு. ஆயினும் 95,000 பொருள்களின் நடுவே அந்நான்கு விழுக்காட்டை ஊரறியச் செய்ததே ஒரு பயன் எனலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது சிக்கலானது. பெருந்தொற்றுக் காலத்தில் கலைக்கூடங்கள் பொருள்களை விற்பதற்கான விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டிருந்தன. கிளிஃபர்டு ஸ்டில், பிரைஸ் மார்டன், வார்ஹோல் ஆகியோரின் மூன்று பெரும்படைப்புகளை விற்று 65 மில்லியன் டாலர் திரட்டக் கலைக்கூடம் திட்டமிட்டது. தொகுப்பின் பராமரிப்புக்கு நிதி வைத்து, அதனால் மிச்சமாகும் பணத்தில் காவலர் முதலான பணியாளரின் ஊதியத்தை உயர்த்துவதும் நோக்கங்களுள் ஒன்று. முன்னாள் அறங்காவலர் பலர் வெகுண்டெழுந்தனர். ஸ்டில்லின் ஓவியம் அவரே நன்கொடையாக அளித்தது. மார்டன் அப்போது உயிருடன் இருந்தார். நன்கொடை வாக்குறுதிகள் திரும்பப் பெறப்பட்டன. அக்டோபர் 28 அன்று, ஏலம் தொடங்குவதற்குச் சில மணி நேரமே இருக்கையில் விற்பனை கைவிடப்பட்டது.

எதிர்த்தோர் கூற்றில் நியாயம் இருந்தது. நன்கொடையை விற்கும் கூடத்தை நம்பி இனி யார் கொடுப்பார்? ஆனால் அவர்கள் விடை கூறாமல் விட்ட வினா ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியத்தின் அருகே நாள் முழுதும் நிற்பவர்க்கு நல்லூதியம் தர, அந்த ஓவியத்தையே விற்றால்தான் முடியும் என்னும் நிலை எவ்வாறு வந்தது? ஓவியத்தைக் காக்க ஒரு மாதத்தில் திரண்ட சினம், காவலரைக் காக்கப் பல்லாண்டுகளில் திரளவில்லை. 2022 ஜூலையில் கலைக்கூடப் பணியாளர் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர்.

அதே ஆண்டு மார்ச்சில் அங்கே ஒரு புதிய காட்சி திறக்கப்பட்டது. அதற்கான படைப்புகளைத் தேர்ந்தவர்கள் காவற் பணியாளர் 17 பேர். அவர்களுள் ஓவியரும் இசைவாணரும் எழுத்தாளரும் இருந்தனர். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் முதற் கறுப்பினக் காப்பாட்சியரான லோவரி ஸ்டோக்ஸ் சிம்ஸ் அவர்களுக்கு வழிகாட்டினார். காவலர்கள் தேர்ந்தனர், விளக்கச் சீட்டுகள் எழுதினர், காட்சிக் கையேட்டிலும் எழுதினர், அவ்வேலைக்குத் தனியே ஊதியமும் பெற்றனர். ஓர் ஓவியத்தை ஆய்வறிஞர் ஒருமணி நேரம் பார்ப்பார். காவலர் ஓராண்டு பார்ப்பார். எனினும் அவரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. வில்சன் தலையின்றி நிறுத்திய பொம்மைகளுக்கு முப்பத்தோராண்டு கழித்து அவர் முன்பு அகழ்ந்த அதே நகரத்தில் தலை முளைத்தது எனலாம். அக்காட்சியின்போது தலைமைக் காப்பாட்சியராக இருந்த அஸ்மா நயீம் 2023இல் கலைக்கூடத்தின் இயக்குநரானார். கராச்சியில் பிறந்த இவர், அப்பொறுப்பை ஏற்ற முதல் வெள்ளையரல்லாதார்.

வாஷிங்டனும் பால்டிமோரும்

2018இல் வாங்கப்பட்ட படைப்புகளுள் ஏமி ஷெரால்டின் ஓவியம் ஒன்று இருந்ததை மேலே கண்டோம். இவர் 1973இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். ஒருகாலத்தில் கறுப்பினத்தவர்க்கு வாயிலை அடைத்திருந்த மேரிலாந்து கலைக் கல்லூரியில் பயின்று 2004இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பல்லாண்டுகள் பால்டிமோர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டே வரைந்தார். 2012இல் அந்நகர மருத்துவமனையில் அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது. 2018 பிப்ரவரியில் மிஷேல் ஒபாமாவின் உருவப்படம் தலைநகரின் தேசிய உருவப்படக் கூடத்தில் திறக்கப்பட்டபோது அவர் பெயர் உலகறிந்ததாயிற்று. கறுப்பின மக்களின் மேனியை அவர் சாம்பல் நிறத்தில் வரைவார். ஆடையில் மட்டும் வண்ணம் பொங்கும். முதலில் நிறத்தைப் பார்த்துப் பின்பு மனிதரைப் பார்க்கும் பழக்கத்தை அச்சாம்பல் நிறம் தடுத்து நிறுத்துகிறது.

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற குடியரசுத் தலைவர், கூட்டரசு நிறுவனங்களில் பன்மை, சமத்துவம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கான திட்டங்களை முடிவுக்குக் கொணருமாறு ஆணையிட்டார். அம்மாதத்திற்குள்ளாகவே வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் அதற்கான அலுவலகங்களை மூடின. ஸ்மித்சோனியனின் காட்சிகளில் நாட்டைப் பிளவுபடுத்தும் கருத்துகள் உள்ளன எனக் கூறி மார்ச் மாதத்தில் இன்னோர் ஆணையும் வெளிவந்தது. அமெரிக்க அருங்காட்சியகங்கள் அறுபதாண்டுகளாக அடி அடியாக நடந்து வந்த வழியில் பெரும்பகுதி சட்டத்தால் பெற்றதன்று. அலுவலகக் குறிப்பாலும் இயக்குநர் மனத்தாலும் பெற்றது. அவ்வாறு பெற்றதை ஓர் அலுவலகக் குறிப்பே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடிந்தது.

ஷெரால்டின் பெருங்காட்சி அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த உருவப்படக் கூடத்திற்கு வரவிருந்தது. அதிலுள்ள ஓவியமொன்றில் கறுப்பினத் திருநங்கை ஒருவர் விடுதலைத் தேவியின் சிலைபோல் கையுயர்த்தி நிற்கிறார். அவ்வோவியம் பற்றி நிறுவனத்துக்குள் தயக்கம் எழுந்ததாகவும், அதற்குப் பதிலாக ஒரு காணொளியை வைக்கும் பேச்சு நடந்ததாகவும் ஷெரால்டு கூறினார். ஓவியத்தை நீக்கும் எண்ணம் இல்லை, காணொளி அதனோடு சேர்ந்து இடம்பெறுவதற்கானது என்று நிறுவனத்தார் மறுத்தனர். ஜூலையில் ஷெரால்டு தம் காட்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அங்கு நடந்திருந்தால், அக்கூடத்தில் தனிக்காட்சி பெற்ற முதல் தற்காலக் கறுப்பினக் கலைஞர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்திருக்கும்.

செப்டம்பரில் பால்டிமோர் கலைக்கூடம் அக்காட்சியைத் தான் ஏற்பதாக அறிவித்தது. 2025 நவம்பர் 2 அன்று காட்சி அங்கே திறக்கப்பட்டது. தலைநகரில் தயக்கத்திற்கு உள்ளானதாக அவர் கூறிய ஓவியமும் அக்காட்சியில் இடம்பெற்றது.